அடுக்கு மெட்டாமெட்டீரியல் கணக்கு சொதப்பும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

வெள்ளி, அலுமினா, வெள்ளி, அலுமினா என்று நானோமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கிய ஒரு தகட்டுக்குள், அதாவது ஓர் அடுக்கு மெட்டாமெட்டீரியலுக்குள், ஒளி எப்படிப் போகிறது என்று கணினியில் பார்க்க உட்கார்ந்திருக்கிறீர்கள். நிரலும் ஓடுகிறது. ஆனால் வரைபடத்தில் வந்திருப்பது நம்புகிற மாதிரி இல்லை. எதிரொளிப்பு 1.3 என்கிறது, அல்லது திரை முழுக்க 'நான்' (NaN, 'இது எண்ணே அல்ல' என்று கணினி காட்டும் குறி) மதிப்புகள், அல்லது புத்தகத்தில் இருக்கும் அதிபரவளையம் (ஹைப்பர்போலா; அலைவெக்டரின் பக்கவாட்டு, செங்குத்துப் பகுதிகளை வரைந்தால் வட்டத்துக்குப் பதில் வரும் இரு கிளை வளைவு) உங்கள் திரையில் மட்டும் வர மறுக்கிறது. இந்த வகைக் கணக்குகளோடு சில ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: பிழை பெரும்பாலும் இயற்பியலில் இருக்காது, ஏதோ ஒரு கூட்டல் கழித்தல் குறியில் இருக்கும். விடுதிறனின் (பெர்மிட்டிவிட்டி, மின்புலத்துக்குப் பொருள் எப்படி ஈடுகொடுக்கிறது என்று சொல்லும் எண்) குறி, வர்க்கமூலத்தின் குறி, ஆற்றல் ஓடும் திசையின் குறி. சாதாரணக் கண்ணாடி அடுக்குகளில் குறியைத் தப்பாகப் போட்டாலும் பல சமயம் விடை சரியாக வந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

கீழே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தகட்டை வைத்துக்கொள்வோம். 2007-இல் பெர்க்லியில் செய்துகாட்டிய ஹைப்பர்லென்ஸில் (அலைநீளத்தைவிடச் சிறிய நுணுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும் வில்லை) 35 நானோமீட்டர் வெள்ளியும் 35 நானோமீட்டர் அலுமினாவும் மாறி மாறி மொத்தம் 16 அடுக்குகள் இருந்தன. ஒளி 365 நானோமீட்டர் புற ஊதா. அவர்கள் அதை அரை உருளை வடிவக் குழியில் வளைத்துப் படியவைத்தார்கள். நாம் வளைவை விட்டுவிட்டுத் தட்டையாக எடுத்துக்கொள்வோம். அந்த அலைநீளத்தில் வெள்ளியின் விடுதிறன் ஏறத்தாழ −2.4, கற்பனைப் பகுதி 0.24. அலுமினாவுக்கு 3.217. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். காற்றிலிருந்து 1.5 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடிமேல் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் எதிரொளிக்க வேண்டும். அந்தக் கண்ணாடிமேல் 1.5-இன் வர்க்கமூலத்தை, அதாவது 1.225-ஐ ஒளிவிலகல் எண்ணாகக் கொண்ட கால் அலைநீளப் படலத்தை வைத்தால் எதிரொளிப்பு பூஜ்யம் ஆக வேண்டும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. உங்கள் அடுக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியிலிருந்து ஒளியை அனுப்புங்கள். வெள்ளி எவ்வளவு உட்கவர்ந்தாலும் சரி, ஊடுருவல் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எதிரொளிப்பு மாறலாம். ஊடுருவல் மாறினால் நிரலில் பிழை இருக்கிறது, அதில் பேச்சே இல்லை. சாய்வாக அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் பக்கவாட்டு அலைவெக்டர் (அலைவெக்டரில் அடுக்குகளின் தளத்தோடு போகும் பகுதி) ஒன்றாக இருக்க வேண்டும், படுகோணம் அல்ல.

அறிகுறி: எதிரொளிப்பும் ஊடுருவலும் சேர்ந்து 1-ஐத் தாண்டுகிறது

முதலில் பார்க்க வேண்டியது காலக் குறி. அலையின் கால மாற்றத்தை இயற்பியல்காரர்கள் ஒரு குறியோடும் மின் பொறியாளர்கள் எதிர்க்குறியோடும் எழுதுகிறார்கள். முதல் வழக்கத்தில் உட்கவரும் பொருளின் விடுதிறனுக்குக் கற்பனைப் பகுதி நேர்மமாக இருக்கும்; இரண்டாவதில் எதிர்மமாக இருக்கும். வெள்ளியின் அட்டவணையை ஒரு வழக்கத்திலிருந்தும் சூத்திரத்தை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் வெள்ளி ஒளியைத் தின்பதற்குப் பதில் கக்க ஆரம்பித்துவிடும். லேசர் ஊடகம் போல.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். பாதி வெள்ளி, பாதி அலுமினா என்னும்போது அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் சராசரி விடுதிறனைக் கண்டுபிடிக்கத் தலைகீழ் எண்களின் சராசரியை எடுத்து அதைத் தலைகீழாக்க வேண்டும். இழப்பையும் சேர்த்தால் −16.9, கற்பனைப் பகுதி 6.9 என்று வரும். கவனியுங்கள், வெள்ளியில் 0.24 ஆக இருந்த இழப்பு இங்கே 6.9 ஆகப் பெருத்துவிட்டது. உங்களுக்கு மைனஸ் 6.9 வந்தால் காலக் குறி மாறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது ஊடுருவல் சூத்திரம். வீச்சின் வர்க்கத்தை மட்டும் எடுத்து ஊடுருவல் என்று எழுதிவிடுவது எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு. வெளியேறும் ஊடகமும் நுழையும் ஊடகமும் வேறாக இருந்தால் ஆற்றல் ஓட்டத்தின் விகிதத்தால் பெருக்க வேண்டும். டி.எம். தளவிளைவுக்கு (தளவிளைவு என்பது ஒளியின் அதிர்வுத் திசை; டி.எம்.-இல் காந்தப்புலம் முழுவதும் அடுக்குகளின் தளத்தில் கிடக்கும்) காந்தப்புல வீச்சை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த விகிதத்தில் வருவது செங்குத்து அலைவெக்டரை விடுதிறனால் வகுத்ததன் மெய்ப்பகுதி. மின்புல வீச்சை வைத்துப் போட்டால் காரணி வேறு. எந்த வீச்சு என்று முதல் வரியிலேயே கருத்துரையாக எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்திருப்பீர்கள்.

மூன்றாவது, பிழையே இல்லாத ஒரு நிலை. பக்கவாட்டு அலைவெக்டர் வெற்றிட அலைவெண்ணைவிடப் பெரிதாக இருக்கும்போது, விழும் அலை தேயும் அலை. இழப்பில்லாத ஊடகத்தில் அது தனியாக ஆற்றல் எதையும் சுமப்பதில்லை. அங்கே எதிரொளிப்புக் கெழுவின் அளவு 1-ஐத் தாண்டலாம், 10-ஐக்கூடத் தாண்டலாம். மெட்டாமெட்டீரியலுக்குப் பக்கத்தில் வைத்த மூலக்கூறு வேகமாக ஒளிரும் கதையெல்லாம் இந்தப் பகுதியில்தான் நடக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது எதிரொளிப்புக் கெழுவின் கற்பனைப் பகுதி. எதுவும் தானாக ஒளியை உண்டாக்காத அடுக்கு என்றால் அது எதிர்மமாகக் கூடாது. கூட்டுத்தொகை 1 ஆகவில்லையே என்று இங்கே கவலைப்பட்டு நல்ல நிரலைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: அதிபரவளையமே வரவில்லை

தளவிளைவைப் பாருங்கள். டி.இ. அலைக்கு மின்புலம் முழுவதும் அடுக்குகளின் தளத்திலேயே கிடக்கிறது. அது செங்குத்துத் திசை விடுதிறனைச் சந்திப்பதே இல்லை. ஆகவே டி.இ.க்கு வட்டம் வரும், அல்லது ஒன்றுமே வராது. அதிபரவளையம் டி.எம்.-க்கு மட்டும்தான்.

தளவிளைவு சரியென்றால் வெள்ளியின் விகிதத்தைப் பாருங்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் 'உலோகமும் மின்கடத்தாப் பொருளும் அடுக்கினால் அதிபரவளையம்' என்று பாதியாகக் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அடுக்குகளின் தளத்திசையில் சராசரி விடுதிறன் நேரடிச் சராசரி. நம் தகட்டில் −2.4-க்கும் 3.217-க்கும் நடுவே 0.41. செங்குத்துத் திசையில், இழப்பைத் தள்ளிவிட்டால் −18.9. குறிகள் வேறாக இருப்பதால் அதிபரவளையம், அதிலும் முதல் வகை (செங்குத்துத் திசையில் மட்டும் எதிர்மம்). இனி வெள்ளியின் விகிதத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். 0.427-க்குக் கீழே போனால் இரண்டு திசையிலும் நேர்மம். அது வெறும் நீள்வட்டம். 0.573-க்கு மேலே போனால் இரண்டும் எதிர்மம். தகடு உலோகமாகிவிடும், உள்ளே ஒன்றும் போகாது. அதிபரவளையம் இருக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சந்து மட்டுமே. 35-க்கு 35 என்று வைக்க வேண்டியதை 40-க்கு 30 என்று வைத்தால் விகிதம் 0.571; விளிம்பில் தொங்கும். 42-க்கு 28 என்றால் 0.6, வெளியே விழுந்துவிட்டது.

அலைநீளத்தை மாற்றினால் ஆட்டமே மாறும். 500 நானோமீட்டரில் வெள்ளியின் விடுதிறன் ஏறத்தாழ −9.8, அலுமினாவுக்கு 3.15. அப்போது அதே பாதிப்பாதித் தகட்டில் தளத்திசை −3.3, செங்குத்துத் திசை 9.3. குறிகள் இடம் மாறிவிட்டன. இது இரண்டாம் வகை. நேராக விழும் ஒளிக்குத் தகடு உலோகம் போலப் பளபளக்கும், பக்கவாட்டு அலைவெக்டர் பெரிதான அலைகள் மட்டும் உள்ளே போகும். சந்தும் அகலமாகிறது: விகிதம் 0.24-இலிருந்து 0.76 வரை எங்கே வைத்தாலும் இரண்டாம் வகைதான். பழகுவதற்கு இது வசதியான இடம். 365-இல் தொடங்கித் தலையை உடைத்துக்கொள்ளாமல் 500-இல் தொடங்குங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.

இரண்டு சராசரிகளையும் இடம் மாற்றி எழுதிவிடுவதும் உண்டு. நினைவில் வைக்க ஒரு வழி: தளத்திசை மின்புலம் எல்லைகளில் தொடர்ச்சியாக இருக்கும், ஆகவே விடுதிறன்கள் நேராகச் சராசரியாகும். செங்குத்துத் திசையில் தொடர்ச்சியாக இருப்பது இடப்பெயர்ச்சிப் புலம், ஆகவே தலைகீழ்கள் சராசரியாகும். ரஷ்யாவின் ரைட்டோவ் 1956-இல் மென்படல அடுக்குகளுக்கு எழுதியதும் இதுதான். மெட்டாமெட்டீரியல் என்ற பெயரே அப்போது கிடையாது.

அறிகுறி: ஒளி 'தப்பான பக்கம்' வளைகிறது

இது பல சமயம் சரியான விடை. 365 நானோமீட்டரில், காற்றிலிருந்து 30 பாகையில் ஒளி விழட்டும். சராசரி மதிப்புகளை வைத்துப் போட்டால் உள்ளே அலைமுகங்கள் செங்குத்துக் கோட்டிலிருந்து 38 பாகை சாய்ந்து போகின்றன. ஆற்றலோ எதிர்ப்பக்கம் 1 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்கிறது, கிட்டத்தட்ட நேர்கோடு. ஒரே அலையில் கட்டம் (ஃபேஸ்) ஒரு பக்கம், ஆற்றல் இன்னொரு பக்கம். தேர் ஊர்வலத்தில் வடம் ஒரு பக்கம் இழுபட, தேர் வேறு பக்கம் நகர்கிற மாதிரி. புல வரைபடத்தில் சிவப்பு நீலக் கோடுகளின் சாய்வைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஆற்றல் ஓட்ட அம்புகளை வரையுங்கள். அம்புகள் அதிபரவளையத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்.

அறிகுறி: தகட்டுக்குள் விடை சரி, ஆனால் அதையே அடித்தளமாக வைத்தால் ஒளி பெருகுகிறது

என் மூன்று நாளைத் தின்ற பிழை இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் வகை ஊடகத்தைச் சராசரி விடுதிறனோடு ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவில்லாத அடித்தளமாக வைத்திருந்தேன். செங்குத்து அலைவெக்டரின் வர்க்கம் சூத்திரத்திலிருந்து வருகிறது. அதற்கு நம்பையில் (NumPy, பைதானின் எண்கணக்கு நூலகம்) வர்க்கமூலம் எடுத்தேன். நம்பை எப்போதும் மெய்ப்பகுதி நேர்மமாக உள்ள மூலத்தைத்தான் தரும். பெரிய பக்கவாட்டு அலைவெக்டருக்கு அந்த வர்க்கம் பெரிய நேர்ம எண்ணும் சின்ன எதிர்மக் கற்பனைப் பகுதியுமாக வந்தது. ஆகவே கிடைத்த மூலத்தில் மெய்ப்பகுதி நேர்மம், கற்பனைப் பகுதி எதிர்மம். அதாவது ஆழம் போகப் போக வளரும் அலை. எதிரொளிப்பு கன்னாபின்னாவென்று வந்தது.

நான் என்ன செய்தேன்? விடுதிறன் அட்டவணையைச் சந்தேகப்பட்டேன். பிறகு அலகுகளை. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இழப்பைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். வரைபடம் 'அழகாக' மாறியது. மூன்றாம் நாள் ஆற்றல் ஓட்டத்தை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் அது அடித்தளத்திலிருந்து மேலே வருவது தெரிந்தது. இரண்டாம் வகையில் தளத்திசை விடுதிறன் எதிர்மம். ஆற்றல் கீழே போக வேண்டுமானால் கட்டம் மேலே வர வேண்டும். மெய்ப்பகுதி எதிர்மமாக உள்ள மூலமே சரி.

தீர்வு ஒரே வரி: மூலத்தை எடுத்தபின் கற்பனைப் பகுதி எதிர்மமாக இருந்தால் முழு எண்ணையும் −1-ஆல் பெருக்குங்கள். மெய்ப்பகுதியைத் திரும்பிப் பார்க்காதீர்கள். நல்ல வேளையாக இது அடித்தளத்துக்கும் நுழையும் ஊடகத்துக்கும் மட்டும்தான் தேவை. நடுவில் இருக்கும் அடுக்குகளில் முன்னே போகும் அலையும் பின்னே வரும் அலையும் இரண்டுமே கணக்கில் இருப்பதால் எந்த மூலத்தை எடுத்தாலும் ஒரே விடைதான். 'தகட்டுக்குள் சரியாக வந்ததே' என்று நான் குழம்பியதற்குக் காரணமும் அதுவே.

ஒரு பொடி வைத்த விஷயமும் உண்டு. இழப்பே இல்லை என்று வைத்து, கலப்பெண் 4-க்கு முன்னால் கழித்தல் குறி போட்டு வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். கற்பனைப் பகுதி 'மைனஸ் பூஜ்யம்' ஆகிவிடும். மூலம் கற்பனை 2 வருவதற்குப் பதில் மைனஸ் கற்பனை 2 வரும். பூஜ்யத்துக்கும் குறி உண்டு என்பதை இந்த மாதிரி நேரத்தில்தான் கணினி நமக்கு நினைவூட்டும். மேலே சொன்ன ஒரு வரி இதையும் பிடித்துவிடும்.

அறிகுறி: எண்கள் வெடிக்கின்றன, 'நான்' வருகிறது, அல்லது பெரிய அலைவெக்டரில் வரைபடம் இரைச்சலாகிறது

டிரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ் முறையின் (அடுக்குக்கு ஒரு மேட்ரிக்ஸ் எழுதி எல்லாவற்றையும் பெருக்கும் முறை) பிறவிக் குணம் இது. ஒவ்வோர் அடுக்கின் மேட்ரிக்ஸிலும் தேயும் அடுக்குக்குறி (எக்ஸ்பொனென்ஷியல்) ஒன்று, வளரும் அடுக்குக்குறி ஒன்று, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பக்கவாட்டு அலைவெக்டரை வெற்றிட அலைவெண்ணைப் போல 10 மடங்காக எடுங்கள். நம் 35 நானோமீட்டர் அடுக்கு ஒன்றில் அடுக்குக்குறியின் படி சுமார் 6. பதினாறு அடுக்குக்கும் சேர்த்து 96. அதன் அடுக்குக்குறி 10-இன் 41-ஆம் அடுக்கைத் தாண்டுகிறது. கணினியின் இரட்டைத் துல்லியத்தில் நமக்குக் கிடைப்பது சுமார் 16 இலக்கம். வழிதலுக்கு 10-இன் 308-ஆம் அடுக்கு வரை போக வேண்டும், ஆகவே 'நான்' வரவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். இலக்கங்கள் எப்போதோ போய்விட்டன. வரைபடத்தில் இருப்பது வெறும் முழுதாக்கல் பிழை (எண்களைக் கடைசி இலக்கத்தில் சுருக்குவதால் வருவது).

அடுக்கின் தடிமனைக் குறைப்பது, அலைவெக்டரை வெட்டிவிடுவது, துல்லியத்தை நான்கு மடங்காக்குவது எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. ஸ்கேட்டரிங் மேட்ரிக்ஸுக்கு மாறுங்கள். அது உள்ளே வரும் அலைகளையும் வெளியே போகும் அலைகளையும் தொடர்புபடுத்துவதால் தேயும் அடுக்குக்குறி மட்டுமே கணக்கில் வரும். எத்தனை அடுக்கு சேர்த்தாலும் எண் 1-ஐச் சுற்றியே இருக்கும். எழுத ஒரு பிற்பகல் ஆகும். சாதாரணக் கோணங்களில் இரண்டு முறைகளும் பன்னிரண்டு இலக்கம்வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய அலைவெக்டருக்குப் போங்கள்.

அறிகுறி: சராசரி விடுதிறன் ஒன்று சொல்கிறது, அடுக்கு அடுக்காகப் போட்ட கணக்கு வேறொன்று சொல்கிறது

அடுக்குக் கணக்கை நம்புங்கள். ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விடாதீர்கள்.

'அலைநீளம் 365, அடுக்கு 35, பத்தில் ஒரு பங்குதானே, சராசரி போதும்' என்று எல்லோரும் சொல்வார்கள். சரிபார்ப்போம். அலுமினாவுக்குள் ஒளியின் வேகம் குறைவு; ஓர் அடுக்கைக் கடக்கையில் கட்டம் 62 பாகை நகர்ந்துவிடுகிறது. அது சின்ன எண்ணே அல்ல. நேராக விழும் ஒளிக்கு, இழப்பைத் தள்ளிவிட்டு, சராசரிச் சூத்திரம் தரும் ஒளிவிலகல் எண் 0.64. பிளாக் சூத்திரத்தை (மீண்டும் மீண்டும் வரும் அமைப்பில் அலை எப்படிப் போகும் என்று சொல்வது) அடுக்குகளோடு அப்படியே போட்டால் 0.82. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை, அதுவும் மிகச் சாதுவான கோணத்தில். அடுக்குகளை 10 நானோமீட்டராக மெலித்தால் 0.655 வருகிறது, அப்போது சராசரி பக்கத்தில் வந்துவிட்டது எனலாம்.

பெரிய அலைவெக்டரில் வித்தியாசம் இன்னும் மோசம். சராசரிச் சூத்திரத்தின்படி அதிபரவளையத்துக்கு முடிவே இல்லை, எவ்வளவு பெரிய பக்கவாட்டு அலைவெக்டரும் உள்ளே போகும். உண்மையில் அடுக்கு மீண்டும் வரும் தூரத்துக்குள் அலை அடங்க வேண்டும். 35 நானோமீட்டர் அடுக்குகளுக்குப் பிளாக் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் வெற்றிட அலைவெண்ணைப் போல 3.4 மடங்கு வரை அலை போகிறது, 3.5-இல் கதவு மூடிவிடுகிறது. 10 நானோமீட்டர் அடுக்கென்றால் கதவு சுமார் 15 மடங்கில் மூடும். ஆகவே, முன் பகுதியில் 10 மடங்கு என்று போட்டோமே, அந்த அலை நம் தகட்டுக்குள் போகவே போகாது. வெடித்த எண்கள் ஒன்றுமே இல்லாத இடத்தில் வெடித்திருக்கின்றன. ஹைப்பர்லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைக் காட்டும் என்று கேட்டால் அந்த 3.4-ஐப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம், முதல் அடுக்கு எது என்பது. சராசரிக்கு வெள்ளி மேலே இருந்தாலும் அலுமினா மேலே இருந்தாலும் ஒன்றுதான். அலைக்கு ஒன்றல்ல. 2014-இல் இஸ்ரேலின் டெக்னியான் குழுவினர், உலோகமே இல்லாத, அலைநீளத்தைவிட மிக மெல்லிய அடுக்குகளிலும் முழு அக எதிரொளிப்பின் மாறுநிலைக் கோணத்துக்கு அருகில் அடுக்குகளின் வரிசையும் சில நானோமீட்டர் தடிமனும் ஊடுருவலைத் தலைகீழாக மாற்றுவதைக் காட்டினார்கள். உலோகம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விளிம்பு அடுக்கைப் பாதித் தடிமனாக வைத்துச் சமச்சீராக்கினால் சராசரி ஓரளவு நெருங்கி வரும்.

அறிகுறி: பிளாக் அலைவெக்டர் வரைபடம் மடிகிறது, குதிக்கிறது

பிளாக் சூத்திரம் கொசைனைத்தான் தருகிறது. தலைகீழ்க் கொசைன் எடுத்தால் விடை எப்போதும் முதல் மண்டலத்துக்குள் மடிந்துதான் வரும். விரித்துக்கொள்வது உங்கள் வேலை. கொசைனின் அளவு 1-ஐத் தாண்டினால் அது பிழையல்ல, தடைப்பட்டை. ராலே பிரபு 1887-லேயே, மீண்டும் மீண்டும் வரும் அமைப்பில் அலை போக முடியாத பட்டைகள் உண்டு என்று எழுதிவிட்டார். பொன்வண்டின் முதுகு மின்னுவதும் இந்த அடுக்குக் கணக்குதான், சாயம் அல்ல.

மெய்யெண்ணாகவே வைத்துத் தலைகீழ்க் கொசைன் எடுத்தால் தடைப்பட்டையில் 'நான்' வரும், கலப்பெண்ணாக்கிவிட்டு எடுங்கள். இரண்டு மூலங்களில் கற்பனைப் பகுதி நேர்மமானதை எடுங்கள், அதே பழைய பாட்டு. வெள்ளியின் இழப்பைச் சேர்த்துவிட்டால் பட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்காது, எல்லா இடத்திலும் அலைவெக்டர் கலப்பெண்ணாகவே இருக்கும். 'விளிம்பு எங்கே?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை அடுக்குக்கு அலை தாங்கும்?' என்று கேளுங்கள்.

அறிகுறி: எஃப்.டி.டி.டி.யில் புலம் வளர்ந்துகொண்டே போகிறது

எஃப்.டி.டி.டி. என்பது வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி, புலத்தைக் காலப் படிகளில் முன்னே நகர்த்தும் முறை. அந்தக் கட்டம், அதாவது கிரிட், அடுக்கின் தடிமனைச் சரியாக வகுக்கிறதா பாருங்கள். 35 நானோமீட்டர் அடுக்குக்கு 10 நானோமீட்டர் கட்டம் போட்டால் மூன்றரைக் கட்டம். அந்த அரை எங்கே போகும் என்று மென்பொருள்தான் முடிவு செய்யும். முன்னே பார்த்த சந்து எவ்வளவு குறுகலானது என்று நினைவிருக்கிறதல்லவா? 5 அல்லது 3.5 வையுங்கள்.

அதுவும் சரியென்றால் அலையை உறிஞ்சும் எல்லையை, அதாவது பி.எம்.எல்.-ஐப் பாருங்கள். பி.எம்.எல். எல்லைக்குள் மெட்டாமெட்டீரியலை நீட்டி வைத்திருந்தால் அதுதான் குற்றவாளி. கட்டம் (ஃபேஸ்) ஒரு பக்கமும் ஆற்றல் எதிர்ப்பக்கமும் போகும் அலையைத் தேய்ப்பதற்குப் பதில் பி.எம்.எல். வளர்த்துவிடும். மீண்டும் மீண்டும் வரும் அமைப்பை அதற்குள் நீட்டினாலும் அது எதிரொளிக்கும், 2008-இல் எம்.ஐ.டி. குழுவினர் இதை விளக்கி, மெல்ல மெல்ல இழப்பைக் கூட்டும் உறிஞ்சியை மாற்றாகச் சொன்னார்கள். மீப் (Meep) என்ற எஃப்.டி.டி.டி. மென்பொருளில் அது தயாராக இருக்கிறது. தடிமன் கூடுதலாகக் கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

தகட்டின்மேல் வரிப்பள்ளம் வைத்து ஆர்.சி.டபிள்யூ.ஏ. (அமைப்பை ஃபூரியர் உறுப்புகளாகப் பிரித்துப் போடும் கணக்கு முறை) ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டி.எம்.-இல் ஃபூரியர் உறுப்புகளைக் கூட்டக் கூட்ட விடை நிலைக்காமல் ஊசலாடினால், விடுதிறனின் தலைகீழ் விதியைப் போடவில்லை என்று பொருள். 1996-இல் லிஃபெங் லி அதற்கான காரணத்தை எழுதிவிட்டார். இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சொந்தமாக எழுதினவர்கள்தான் மாட்டுவார்கள்.

அறிகுறி: கணக்கு எல்லாம் சரி, ஆய்வகத்தில் அளந்தது ஒத்துப்போகவில்லை

இங்கே நிரலை விட்டுவிட்டு வெள்ளியைப் பாருங்கள். நாம் எல்லோரும் எடுத்துப் போடும் ஜான்சன்–கிறிஸ்டி அட்டவணை 1972-இல் வெளிவந்தது. அவர்கள் அளந்தது 18.5 முதல் 50 நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களை. வெள்ளிக்குள் எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரமே சுமார் 50 நானோமீட்டர். 10 நானோமீட்டர் படலத்தில் அது இரண்டு பரப்பிலும் மோதிக்கொண்டே இருக்கும், இழப்பு அட்டவணையில் இருப்பதைவிடக் கூடும். அதைவிட மெல்லியதாகப் படியவைத்தால் வெள்ளி படலமாகவே இருக்காது. தாமரை இலைமேல் தண்ணீர் போலத் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால்தான் ஓரிரு நானோமீட்டர் ஜெர்மானியத்தை அடியில் போட்டு வெள்ளியைப் பரவச் செய்கிறார்கள். பரப்பு வழவழப்பாகும், ஆனால் ஜெர்மானியமும் ஒளியைத் தின்னும். கணக்கில் அதற்கும் ஓர் அடுக்கு போடுங்கள்.

மேலடுக்கு வெள்ளியாக இருந்து மாதிரியைத் திறந்து வைத்திருந்தால், பீரோவில் வைத்த கொலுசு கறுப்பதுபோல அதுவும் கறுக்கும்; காற்றில் இருக்கும் கந்தகம் சில்வர் சல்ஃபைடு ஆக்கிவிடும். ஒருமுறை எங்கள் மாதிரி இரண்டு வாரம் தட்டில் கிடந்தது. அளந்தபோது 365-இல் இருக்க வேண்டிய ஊடுருவல் பாதிதான் இருந்தது, நான் மறுபடியும் வர்க்கமூலத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அதே தட்டில் அலுமினாவை மேலே போட்டு முடித்த இன்னொரு மாதிரி கிடந்தது. அதை அளந்தோம், கோடு கணக்கின்மேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து கடைசி அடுக்கு எப்போதும் அலுமினாதான். வெள்ளிக்கும் அட்டவணையைத் தூக்கிப்போடாமல், அதே அறையில் அதே வேகத்தில் படியவைத்த தனிப் படலத்தை எலிப்சோமீட்டரில் (எதிரொளித்த ஒளியின் தளவிளைவு மாற்றத்தைப் பார்க்கும் கருவி) அளந்து, வந்த எண்ணைத்தான் நிரலுக்குக் கொடுக்கிறோம்.